அந்த அறையில் அப்பா இருந்தார்

மாலை ரயிலில் அக்கா இறங்க வேண்டிய ஆவடி வந்து, கூட்டம் இறங்கி, வண்டியும் கிளம்பிவிட்டது. அவர் எழுந்திருக்கவே இல்லை. பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில், என் கைப்பேசியை மடியில் சாய்த்துப் பிடித்தபடி, நான் உருவாக்கிய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தின் சோதனைப் பிரிவுக்கு அவர்தான் டீம் லீடர். மென்பொருளில் பிழை தேடுவது அவர் வேலை. அங்கே எல்லோருக்கும் மேடம். ரயிலேறிவிட்டால் எனக்கு அக்கா. பேச்சும் ஆவடிப் பேச்சாகிவிடும்.

விளையாட்டு சின்னதுதான். திருநின்றவூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பெருமழைக்கு ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அதையே எடுத்துக்கொண்டேன். தண்ணீர் ஏற ஏற, ஒரு பெண் வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியாக உள்ளறைக் கதவைத் திறந்தால், நடக்க முடியாத அப்பா கட்டிலில் கிடப்பார். விடுமுறைகளையெல்லாம் தின்ற விளையாட்டு அது. அந்தத் திருப்பத்தில் எனக்கு ரகசியமான பெருமையும் இருந்தது.

"அரிசி மூட்டைய தூக்கினேன்," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் சர்டிபிகேட் பை. மிக்சிய தூக்கிகினு போனப்போ ஜாலியாத்தான் இருந்துச்சு. கதவத் தொறந்ததும் உன் மேல கோவம் வந்துச்சுடி. அப்பா எந்த ரூம்ல படுத்துகினு கீறாருன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரிஞ்சத எங்கிட்ட ஏன் மறைக்கிற?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பட்டாபிராம் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பிய பிறகுதான் பேசினார். "மொதல்லருந்தே அவரு இருமட்டும். நான் மிக்சிய தூக்கும்போதும் அது காதுல உழட்டும். அப்போ என் கை கூசும் பாரு." திருநின்றவூரில் என்னோடு இறங்கி, எதிர்ப்பக்க ரயிலேறி ஆவடிக்குத் திரும்பினார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தப் பெட்டியிலேயே காட்டினேன். எந்த இடத்தில் விரல் தயங்கியது, எங்கே கண் சலித்தது என்று தனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்வார். திருத்துவதை என்னிடம் விட்டுவிடுவார். நானும் மெல்லக் காயப்படாமல் கேட்கப் பழகினேன்.

சோதனைகளை இனி ஒரு கருவியே செய்துவிடும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது அவரை அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நேர்காணல்களில் அவரைவிட மிக இளையவர்கள் எதிரே உட்கார்ந்து, இந்த வேலையே இனி இருக்காது மேடம் என்றார்களாம். கொஞ்ச நாளில் நேர்காணல்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

விளையாட்டை வெளியிட்டேன். யாரும் பெரிதாக ஆடவில்லை. வந்த ஓரிரு கருத்துகளில் ஒன்று, 'மொக்கை' என்றது. எந்த இடத்தில் என்று எழுதியவர் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைப்பேசியோடு ஆவடியை அடுத்த வெள்ளானூரில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாங்கி ஆடத் தொடங்கினார். முதல் கணத்திலிருந்தே உள்ளறையில் இருமல். அவர் அரிசியைத் தூக்கினார், மிக்சியைத் தூக்கினார், பிளாஸ்டிக் நாற்காலிகளைக்கூடத் தூக்கினார். தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறியது. இருமல் நின்றது. அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நல்லாகீதுடி."

"எங்கயாவது மாட்டிச்சா அக்கா?"

"இல்லியே. நல்லாத்தான் கீது."

வாசல் வரை வந்தவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இனிமே எங்கிட்ட காட்டாத. எதப் பாத்தாலும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. சும்மா பாத்துகினு கீறேன், அவ்ளோதான்."

நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது அடுத்த விளையாட்டைத் தொடங்கியிருக்கிறேன். அலுவலகத்தில் யாரிடம் காட்டினாலும் சூப்பர் என்கிறார்கள். அதில் ஏதோ ஓரிடம் சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது. எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.