ஒரே பச்சை

என் கூடப்பிறந்த ராத்தாவின் கல்யாணத்துக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் ஒரு களவு நடந்தது. அதாவது, நடந்ததென்று உம்மா முடிவு செய்திருந்தார்.

கல்யாணச் சாரிக்கும் அதோடு போடும் சட்டைத் துணிக்கும் ஒரே பச்சை வேண்டுமென்று புத்தளம் டவுனில் கடை கடையாக ஏறியிறங்கி உம்மாவே தேர்ந்தெடுத்திருந்தார். தில்லையடியில் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளித் தையல் மெஷின் வைத்திருந்த, சின்னம்மா முறையான சாச்சி சட்டையைத் தைத்துக் கொண்டுவந்தார். முற்றத்து வெயிலில் சேர்த்துப் பிடித்தால் சாரி கடல் பச்சை. சட்டையோ வாடிய வேப்பிலை.

"நான் தந்த துணி இது இல்ல. நல்லதை எடுத்து வெச்சிட்டு வேற துண்டிலே தெச்சிட்டீங்க" என்றார் உம்மா.

"அல்லா சத்தியமா இல்ல. நீங்க தந்ததைத்தான் தெச்சன்."

ஒழுங்கைப் பெண்களெல்லாம் வேலியோரம் கூடிவிட்டார்கள். ராத்தா அழுதாள். களவுக்காரியை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைத்த மகிழ்ச்சியில் நான் மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கென்று முன்கூட்டியே வந்திருந்த மாமி, உடுப்புத் தொழிற்சாலையொன்றில் நிறம் அளப்பவர். சத்தம் கேட்டு வந்தவர் சட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"மச்சி, துணி எடுத்த கடையிலே என்ன லைட்?" என்று உம்மாவிடம் கேட்டார்.

"டியூப் லைட்."

மாமி எங்களை அறைக்குள் அழைத்துப்போய், ஜன்னல்களைச் சாத்தி, டியூப் லைட்டைப் போட்டார். இரண்டும் ஒரே பச்சை! லைட்டை அணைத்து ஜன்னலைத் திறந்தார், பிரிந்துவிட்டன.

"ரெண்டுக்கும் போட்ட சாயம் வேற. ஒரு வெளிச்சத்திலே நம்மட கண்ணுக்கு ஒண்டாத் தெரியும், இன்னொண்டிலே தெரியாது. அதுதான் நாங்க மெஷினிலே வெச்சு நிறத்தை எண்ணா எடுக்கிற. எங்கட கண்ணுக்கும் வருசா வருசம் சோதினை இருக்கு" என்றவர், ராத்தாவின் கன்னத்தைத் துடைத்தார். "கல்யாண மண்டபத்திலேயும் இதே லைட்தான் புள்ள, பயப்படாத."

நிறத்தை எண்ணாக்கத் தெரிந்த ஒருவர் காலையில் எங்களோடு உட்கார்ந்து சாதாரணமாக இடியப்பம் தின்றிருக்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. மாமியின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உம்மா சாச்சியின் கையைப் பிடித்தார். "மன்னிச்சிக்கங்க புள்ள."

சாச்சி கையை விடுவித்துக்கொண்டார். "முற்றத்திலே வெச்சு ஏசினீங்க. இதையும் முற்றத்திலே வெச்சுச் சொல்லுங்க."

உம்மா வெளியே போய், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். அதன் பிறகுதான் சாச்சி அழுதார்.

உள்ளே சொன்னதையே எதற்காக வெளியே போய் மறுபடியும் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.