சாக்கா, ஹாக்கா?

பெங்களூர் பீன்யாவில் கணேசமூர்த்தியின் ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டிகள். அப்புறம் பஸ் சீட்டுகள், காவலாளி நிற்கும் கூண்டு, ஐஸ்கிரீம் கடை வாசலுக்கான ஆளுயரக் கோன். கண்ணாடி நார்த் துணியில் ரெசின் பூசிச் செய்யக்கூடிய எதையும் அவர் செய்து கொடுப்பார். குடியாத்தத்திலிருந்து வேலை தேடி வந்து, யார் யாரிடமோ ரெசின் கலக்கி, கடைசியில் சொந்தமாக ஷெட் போட்டவர். 1999 கோடையில் அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், ஒரு விமானத்தின் வலது இறக்கை கிடந்தது.

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். வரைபடங்கள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தவை. இதில் அவருக்குக் கூட்டாளி மஞ்சுநாத், பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுபவர், ஜக்கூர் விமானப் பள்ளியில் பறக்கக் கற்று லைசென்ஸும் வாங்கியவர். இரும்பு, அலுமினிய வேலை எல்லாம் மஞ்சுநாத்துடையது. ஃபைபர் வேலை மூர்த்தியுடையது. ஓட்டப்போவது மஞ்சுநாத். மூர்த்திக்கு ஏணியில் நாலு படி ஏறினாலே கால் கூசும். ஆனாலும் அவருக்கு ஒரு ஆசை, தன் கையால் செய்த பொருள் ஒன்று தரையை விட்டுக் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். "தொட்டி செஞ்சா மொட்டை மாடியோட நின்னுடுது" என்பார்.

மஞ்சுநாத்துக்கோ அவசரம். ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நின்றது. இந்த வருஷம் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அடுத்த பரிசோதனையில் போட மாட்டேன் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை. மழைக்கு முன்னால் விமானம் தயாரானால் அவர் அதை ஓட்டுவார். தயாராகாவிட்டால் வேறு யாரோ ஓட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கையை மூடினார்கள்.

இறக்கை என்பது உள்ளே கூடான ஒரு பெட்டி. அதன் நீளத்துக்கு ஸ்பார் என்று ஒரு விட்டம் ஓடுகிறது, விமானத்தின் பாரம் முழுக்க அதன் மேல்தான். விட்டத்தின் மேல் எபாக்சி பசையைத் தடவி, ஃபைபரில் வார்த்த மேல்தோலை இறக்கி, மணல் மூட்டை வைத்து அழுத்திவிட்டால் முடிந்தது. அதன் பிறகு உள்ளே என்ன நடந்தது என்று யாரும் பார்க்க முடியாது. பசையைக் கலந்துவிட்டால் அது கெட்டியாவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்; நடுவில் நிறுத்தி யோசிக்க வழியில்லை.

இருபது வருஷமாக மூர்த்தியின் கை பழகியது பாலியஸ்டர் ரெசினில். அதில் கெட்டிப்படுத்தும் மருந்து சொட்டுக் கணக்கு. குளிர்நாள் என்றால் இன்னும் கொஞ்சம் விடலாம், சீக்கிரம் இறுகும், அவ்வளவுதான். எபாக்சி அப்படியில்லை. அதில் ஹார்டனர் என்பது மருந்தல்ல, பசையில் ஒரு பங்கு. ரெசினுக்குச் சேர வேண்டிய அளவுக்கு மேல் போனால், மிஞ்சியது சேர ஜோடியில்லாமல் உள்ளேயே தங்கி, பசையைக் கெடுக்கும். அதனால் தராசில் வைத்து எடை போட்டுத்தான் கலப்பார்கள். மூர்த்தி ஊற்றுவார், மஞ்சுநாத் தராசைப் பார்த்து நிறுத்தச் சொல்வார். மூர்த்தியிடம் பழகிப் பழகி மஞ்சுநாத்துக்குத் தமிழ் ஓரளவு வந்திருந்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் "போதும்" என்பார். எத்தனையோ கப் அப்படிக் கலந்தாயிற்று.

அன்று தோலைத் தூக்க ஆள் வேண்டுமென்று மஞ்சுநாத் தன் மச்சான் கிரணை அழைத்து வந்திருந்தார். கிரண் துமகூரிலிருந்து வந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்காக அன்று பேச்செல்லாம் கன்னடம். மூர்த்திக்கும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடுதான், ஆகவே யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

விமானத்தோடு சேரும் முனையிலிருந்து தொடங்கி, நுனியை நோக்கிப் பசை தடவிக்கொண்டே போனார்கள். கடைசிக் கப் பாக்கி. பின்பக்கத்து ஷெட்டில் யாரோ கம்ப்ரெஸரைப் போட்டார்கள். இருவர் முகத்திலும் மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் முகமூடி. மூர்த்தி ஹார்டனரைச் சாய்த்தார். மஞ்சுநாத் குரல் கொடுத்தார். மூர்த்தி இன்னும் ஒரு மடக்கு ஊற்றினார். அதே நேரத்தில் கிரண் பிடித்திருந்த தோல் சரிய, மஞ்சுநாத் அதைப் பிடிக்க ஓடினார். திரும்பி வந்தபோது கப் தராசிலிருந்து இறங்கியிருந்தது, மூர்த்தி அதைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

தோல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரத்தில் பிதுங்கிய பசையை மூர்த்தி துணியால் சுத்தமாகத் துடைத்தார். வேலை சுத்தமாகத் தெரிய வேண்டும் அவருக்கு. மீந்த பசை கப்போடு ஜன்னலில் இருக்கும், மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள், அதுதான் வழக்கம். கடைசிக் கப் திடீரென்று சூடேறிப் புகைய ஆரம்பித்தது. கிரண் பயந்துபோய் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்தார். எபாக்சி கப்பில் மொத்தமாகத் தேங்கினால் வெயில்நாளில் புகைவது உண்டு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிரண் பஸ் ஏறிப் போன பிறகு, முனைக் கடையில் டீ குடிக்கும்போதுதான் மூர்த்தி சும்மா சொன்னார்: "கடைசிக் கப்புல நீ ஹாக்குன்னியே மஞ்சு, எனக்கே கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பட்டுச்சு."

மஞ்சுநாத்தின் கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் நின்றது. "நான் சாக்குன்னேன்."

கன்னடத்தில் ஹாக்கு என்றால் போடு, ஊற்று. சாக்கு என்றால் போதும். முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அதை முகமூடி விழுங்கியிருந்தது.

எவ்வளவு ஊற்றினாய் என்று மஞ்சுநாத் கேட்டார். ஒரு மடக்கு என்றார் மூர்த்தி. மடக்கு என்றால் என்ன, சொட்டா, ஸ்பூனா என்று மஞ்சுநாத் எரிந்து விழுந்தார். ஜாஸ்தி என்று பட்டும் அந்தக் கணத்தில் அது தனக்குத் தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் மூர்த்தியைக் குத்தியது. இன்னும் கொஞ்சம் விட்டால் சீக்கிரம் இறுகும் என்று பழைய கை நினைத்திருக்கிறது.

"புகைஞ்சுது" என்றார் மூர்த்தி.

"வெயிலுக்குப் புகைஞ்சுது" என்று சொல்லிவிட்டு மஞ்சுநாத் எழுந்தார். தோலைப் பிரித்தால் புதுத் தோல் வார்க்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும், அப்புறம் டாக்டர்.

லக்கெரேயில் மூர்த்தியின் வீட்டில் அடுத்த நாள்களில் சமையலறை பாதி அவர் கையில். சரியான அளவில் கலந்த பசையில் ஒரு துண்டு, ஹார்டனரை ஒரு மடக்கு கூட்டி ஒரு துண்டு என்று இரண்டு வார்த்தார். இரண்டும் இறுகின. நகம் இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினால் இரண்டும் ஒரே மாதிரி சத்தம். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு வெயிலில் நிற்கும் இறக்கை எப்படிக் கொதிக்கும் என்று நினைத்து, இரண்டையும் வெந்நீரில் போட்டார். ஒன்று அப்படியே இருந்தது. மற்றது செருப்புத் தோல் மாதிரி வளைந்தது.

மனைவி அம்புஜம் அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குண்டானில் இனிமேல் சோறு பொங்க முடியாது என்பது அவருடைய முதல் கவலை. நடந்ததை மூர்த்தி அவரிடம் முழுதாகச் சொன்னார். சாக்கு, ஹாக்கு, முகமூடி, கம்ப்ரெஸர், கிரண் எல்லாம்.

"அவர் சொன்னதும் சாக்கு, நீங்க இப்போ சொல்றதும் சாக்கு" என்றார் அம்புஜம். "மேல போகப்போறது யாரு, அதச் சொல்லுங்க."

மூர்த்தி வளைந்த துண்டைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை இறக்கையின் முன்னால் இருவரும் நின்றார்கள். அடித்தோலில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே கம்பி விட்டு, விட்டத்தோரம் கெட்டியான பசையைச் சுரண்டி எடுத்துப் பார்ப்போம் என்றார் மூர்த்தி. நல்ல இறக்கையில் ஓட்டையா என்றார் மஞ்சுநாத். வளைந்த துண்டைக் காட்டினார் மூர்த்தி. அது உன் வீட்டுக் குண்டானில் செய்தது, இது என் இறக்கை என்றார் அவர்.

"ஓட்டப்போறது நானு. எனக்கே பயமில்ல, உனக்கு என்ன?"

"நீ ஓட்டுறதாலதான் பயம்."

மஞ்சுநாத் தானே டிரில்லை எடுத்துக் கொடுத்து, இறக்கையின் நடுவில் ஓர் இடம் காட்டினார். இங்கே போடு, ஒன்றே ஒன்று, அதோடு இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்றார். மூர்த்தி துளைத்தார். கொக்கிக் கம்பியின் நுனியில் ஒரு சில்லு வந்தது. அதை முனைக் கடைக்குக் கொண்டுபோனார்கள், டீக்கடைக்காரர் கெட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் வெந்நீர் கொடுத்தார். இருவரும் கிளாஸுக்குள் குனிந்து பார்த்தபடி காத்திருந்தார்கள். எடுத்து வளைத்ததும் சில்லு டக்கென்று உடைந்தது. கெட்டியான, நல்ல பசை.

மஞ்சுநாத் சிரித்தார். மூர்த்தியின் முதுகில் ஓங்கித் தட்டினார். டீக்காரரிடம் இரண்டு பன் சொன்னார். மூர்த்திக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. நடுப்பகுதி கடைசிக் கப்பினுடையது அல்ல. விமானத்தோடு சேரும் பக்கத்திலிருந்து நுனிக்குத் தடவிக்கொண்டு போனார்கள். கடைசிக் கப் போனது நுனிப் பக்கம். அது தெரியாமலா மஞ்சுநாத் நடுவைக் காட்டினார்?

பன்னை அப்படியே வைத்துவிட்டு, வெந்நீர்க் கிளாஸை எடுத்துக்கொண்டு மூர்த்தி ஷெட்டுக்குள் போனார். டிரில் சத்தம் கேட்டதும் மஞ்சுநாத் பின்னாலேயே வந்தார்.

"மூர்த்தி, ஒண்ணுன்னு பேச்சு. இன்னொரு ஓட்டை போட்டா இந்த இறக்கைய நீயே வெச்சுக்கோ. தொட்டிக்கு மூடியாப் போடு."

மூர்த்தி தலையைத் தூக்கவில்லை. டிரில் ஒரு முறை வழுக்கி, தோலில் கீறல் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வைத்தார். நுனிக்கு ஒரு முழம் இப்பால் துளை விழுந்தது. கம்பியை விட்டார். இந்தத் தடவை சில்லு பெயரவில்லை. நாராகப் பிய்ந்து வந்தது.

கிளாஸில் இருந்த தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அதில் அந்த நாரைப் போட்டார், அந்தச் சூடே போதுமானதாக இருந்தது. மூர்த்தி எடுத்து நீட்டினார், வளைக்கவில்லை. மஞ்சுநாத் வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் மடித்தார். மடிந்தது. விட்டார், மெதுவாக நிமிர்ந்தது. மறுபடி மடித்தார். அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் மூர்த்தி நினைத்தார். பின்னால் போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து ஷெட்டின் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. மஞ்சுநாத் கையில் கட்டர் மெஷினோடு திரும்பி வந்தார். பிளக்கைச் சொருகினார்.

"நடுவுல வேணும்னேதான் காட்டினேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல். "கோடு போடு."

மூர்த்தி பென்சிலால் மேல்தோலில் கோடு இழுத்தார். நேராக வரவில்லை, அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். கட்டர் அலறியது. வெள்ளைத் தூள் இருவர் தலையிலும் விழுந்தது. வெட்டின ஓரத்தில் மூர்த்தி பட்டையான கரண்டியைச் செருகினார். நெம்ப வேண்டியிருக்கும் என்று முழங்காலை ஊன்றியிருந்தார். தேவைப்படவில்லை. நுனிப் பக்கத்துத் தோல் விட்டத்தை விட்டு உரிந்து மேலே வந்தது. அடியில் பசை மஞ்சளாக, வழவழவென்று, ஒட்ட வேண்டிய இரண்டில் எதையும் கெட்டியாகப் பிடிக்காமல் இருந்தது.

மஞ்சுநாத் மெஷினை நிறுத்தி அந்த இடைவெளியில் கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. அங்கேயே வைத்திருந்தார்.

"எதுவரைக்கும்?" என்றார் மஞ்சுநாத்.

நல்ல பசை தெரியும் வரைக்கும் என்றார் மூர்த்தி. மஞ்சுநாத் கையை வெளியே எடுத்து, பேண்ட்டில் துடைத்து, மெஷினை மறுபடி ஓடவிட்டார். மூர்த்தி தோலின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரோடு கூடவே பின்னால் நகர்ந்தார்.