நாற்பது வெள்ளிக்கிழமைகளும் முப்பத்தைந்து கடிதங்களும்

சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிய கட்டு அது. அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் மகள் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "மாமா, இத ஒங்ககிட்டத்தான் குடுக்கணும்னு ஆத்தா சொல்லிவச்சுச்சு" என்றாள். பிரிக்காமலே எனக்குத் தெரியும். உள்ளே இன்லண்ட் கடிதங்கள் முப்பத்தைந்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் நாற்பது. தாள்கள் எல்லாமே வெள்ளிக்கிழமைகள்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. கடைக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் முள்ளுக்குப் போகாது, அவருடைய சுண்டுவிரலுக்குத்தான் போகும். அக்கா என்னையும் மிஞ்சியவள். திருமயத்தில் கோட்டைக்குக் கீழே அவள் வீடு. ஐம்பதுகளின் நடுவில் நான் புதுக்கோட்டைக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போவேன்.

அத்தான் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர். மழை பொய்த்துக் கல்யாணங்கள் குறைந்த ஒரு வருஷம், அரசாங்க நில அளவைக் குழு ஒன்றுக்குச் சமைக்க அசாம் மலைப்பக்கம் கிளம்பினார். "வாரம் ஒரு கடுதாசி. தப்பாது. தப்புச்சுன்னா என்னன்னு கேளு" என்று பஸ் படியில் நின்றபடி அக்காவிடம் சொன்னார். கேட்கச் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று பாவம், அவருக்கு அப்போது தெரியாது. முதல் கடிதம் வந்த வெள்ளியிலிருந்து அக்கா தாள் கிழித்துச் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கடிதத்தின் தலையில் ஒன்று, இரண்டு என்று எண் போடுவார் அத்தான். தேதி போடும் பழக்கமே கிடையாது. தபால் முத்திரையோ மை அப்பிய வெறும் வட்டம். ஒரு கடிதத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் முகாம் ஒரு நாள் நடை உள்ளே தள்ளிப்போகும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார். ஏழு நாளைக்கு ஒன்று வரவேண்டிய கடிதம் ஒன்பது நாளைக்கு ஒன்றாக வந்தது. அக்கா முதலில் தபால்காரரைப் பிடித்தாள். "எங்கிட்டுப் போட்டீங்க என் கடுதாசிய? பையை உதறுங்க பாப்போம்" என்று தெருவிலேயே உதற வைத்துவிட்டாள். ஆனால் எண்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. தபால்காரர் தப்பித்தார்.

அத்தானுக்கு வக்காலத்து வாங்கியவன் நான்தான். "அவரு தள்ளித் தள்ளிப் போறாரு அக்கா. ஒவ்வொரு கடுதாசியும் முந்தினதைவிடக் கூடுதல் தூரம் வரணும். பிந்தத்தான் செய்யும்" என்றேன். ஒளியும் அப்படித்தான் என்று வேறு அளந்தேன். விலகிப் போகும் விளக்கிலிருந்து வரும் அலைகள் இடைவெளி விட்டு விட்டு வந்து சேரும், அதனால் ஒளி சிவப்புப் பக்கம் சாயும். நெருங்கி வரும் விளக்கென்றால் அலைகள் நெருக்கியடித்து வரும், நீலப் பக்கம் சாயும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தள்ளிப் போறதுக்கு ஒரு நாளு. ஏழுக்கு எட்டு. இது ஒம்பதுல்ல?" என்றாள். மலை, மழை, காட்டாறு என்று என்னென்னவோ சொல்லிச் சமாளித்தேன். "சரி, திரும்பி வரட்டும். அப்பத் தெரியும்" என்றாள்.

ஐந்து மாதம் போனபின், போன வழியே திரும்புகிறோம் என்று கடிதம் வந்தது. அதன் பிறகு சொல்லி வைத்தாற்போல ஏழு நாளைக்கு ஒரு கடிதம். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். இவள் முகம் கறுத்துப்போனது. "கிட்டக்க வாரவுகளுக்கு ஆறு நாளைக்கு ஒண்ணுல்ல வரணும்? ஒன் கணக்குத்தானே தம்பி?" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. போகும்போது ஒரு நாள் அதிகம், வரும்போதும் ஒரு நாள் அதிகம். மழையும் காட்டாறும் இரண்டு பக்கமும் இப்படி ஒரே அளவாகவா வந்து நிற்கும்?

அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை அக்கா இரண்டு குவியலையும் என் முன்னால் கொட்டினாள். நாற்பது தாள், முப்பத்தைந்து கடிதம். "தூரம் கடுதாசியப் பிந்த வைக்கும். முழுங்குமா?" என்று கேட்டாள். முழுங்காது. பிந்தியதெல்லாம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். வராதது எழுதாததுதான். "அஞ்சு கடுதாசி அவரு எழுதவே இல்லக்கா" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். பௌதிகம் படித்த வாய் அல்லவா, அவளுக்கு அது வேதவாக்கு. "அந்த அஞ்சு வாரம் எவ வீட்ல இருந்தாரு?" என்றாள். மறுநாளே பெட்டி கட்டிவிட்டாள். வந்ததும் கேட்பது, பதில் சரியில்லையென்றால் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு குன்றாண்டார்கோவிலில் எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விடுவது, பிறகு வாழ்நாளில் திரும்புவதில்லை. சொன்னால் செய்கிறவள் அவள்.

திங்கட்கிழமை நானும் லீவு போட்டு அங்கேயே இருந்தேன். அத்தான் நடுப்பகலில் வந்து இறங்கினார். வெயிலில் வந்த மனிதருக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை அவள். படுக்கைச் சுருளை இறக்கும் முன்பே, "எண்ணுங்க" என்று இரண்டு குவியலையும் காட்டினாள். எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒரு வாரங்கூடத் தப்பலையே! சந்தைக்குச் சந்தை எழுதுனேன். அன்னிக்குத்தான் தபால் எடுக்க ஆளு வருவான். பிள்ள மேல சத்தியமா" என்றவரின் குரல் உடைந்துவிட்டது. நடிப்பு என்றே நினைத்தேன்.

"எந்தக் கிழமைச் சந்தை?" என்று நான் போலீஸ்காரன் மாதிரி குறுக்கே விழுந்தேன்.

"கெழமை யாரு கண்டா மாப்பிள்ள? அதிகாரிகளுக்கு ஞாயித்துக்கெழமை உண்டு, அடுப்புக்கு ஏது? இன்னைக்கு ஒரு ஊருல சந்தை, நாளைக்கு அடுத்த ஊருலன்னு சுத்தி வரும். ஒரு சுத்து முடிஞ்சா ஒரு வாரம். நம்ம ஊரு மாதிரித்தான்."

"அந்த ஊரு பேரெல்லாம் சொல்லுங்க" என்றாள் அக்கா. காய்கறி வாங்கித் திரிந்த மனிதர், தடுமாறாமல் சொன்னார். அவள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தாள். ஏழாவது விரலோடு நின்றுவிடும் என்று நான் பார்த்திருந்தேன். அவர் இன்னும் ஒரு பெயர் சொன்னார். "திரும்பச் சொல்லுங்க" என்றாள். திரும்பச் சொன்னார். கடைசியிலிருந்து சொல்லச் சொன்னாள், அப்படியும் சொன்னார். எட்டுதான் வந்தது. அந்த மலையில் சந்தை வாரத்துக்கு எட்டு நாள்!

ஐயோ என்றிருந்தது எனக்கு. அந்தப் பருவத்தில்தான் வகுப்பில் சார்பியல் சொல்லிக்கொண்டிருந்தேன். மிக வேகமாகப் பயணம் போகிற கடிகாரம் நம் கடிகாரத்தைவிட மெதுவாக நடக்கும். கூடவே போகிறவனுக்கு அது தெரியாது, அவன் கணக்கில் அவன் வாரம் சரியான வாரம். அதனால்தான் விலகும் விளக்கின் ஒளி, தூரத்துக்கு உரிய பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும். நெருங்கும் விளக்கின் ஒளி, எதிர்பார்த்த அளவுக்கு நீலமாகாது. இரண்டு பக்கமும் மிஞ்சி நிற்கும் அந்தத் துளி, அந்தக் கடிகாரத்துடைய மந்தம். அத்தானின் வாரத்தை நீட்டியது வேகம் அல்ல, ஊர் வழக்கம். ஆனால் கண்டுபிடிக்கும் வழி அதேதான். போகையில் ஒன்பது, வருகையில் ஏழு, நடுவில் எட்டு என்று என் முன்னாலேயே கிடந்தது. கரும்பலகையில் அதை எழுதிப் போட்ட அதே கையோடு வந்து, ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

அக்கா உடனே இளகிவிடவில்லை. "ஒங்களுக்கு முப்பத்தஞ்சு வாரம். எனக்கு நாப்பது. அந்த அஞ்சு வாரமும் நாந்தானே ஒத்தையில கெடந்தேன்?" என்றாள். பெட்டியை அவிழ்க்காமலே எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் மூன்றரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். பெட்டியை எப்போது அவிழ்த்தாள் என்று அவள் சொன்னதில்லை, கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை.

நேற்றுத்தான் கட்டைப் பிரித்தேன். முப்பத்தைந்து கடிதங்களும் ஆளுக்கொரு வெள்ளிக்கிழமைத் தாளில் சுற்றியிருந்தன. மிச்சம் ஐந்து தாள்கள் தனியாக மடித்துக் கிடந்தன. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அத்தானின் கோணல் எழுத்து. தலையில் முப்பத்தாறு என்று எண். 'இன்று வெள்ளி. நீ அடுப்படியில் இருக்கிறாய். நான் கிணற்றடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நலம்.' முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. வாரம் ஒன்றாக, ஒரே வீட்டுக்குள் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார். நாற்பதாவது தாளில் இருந்தது அவர் எழுத்து அல்ல. ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் அக்காவின் குண்டு எழுத்து. 'இனிமேல் எண்ண மாட்டேன்' என்று ஒரே ஒரு வரி.

கண் கலங்கிப்போய்விட்டது. ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? திரும்பக் கட்டும் முன் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். நாற்பதும் சரியாக இருந்தது.