ஏழு எண்ணிய பிறகு

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கரண்ட் போன நேரத்தில் நடந்தது என்று சொன்னால் உடனே நம்பிவிடுவீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். மதியம் ஒன்று பத்துக்கு. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. கதை அளக்கும் ஆளும் நான் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிப்பது என் வேலை. தரைத்தளத்தில் எனக்கென்று ஒரு அறை. அதற்குள் கனத்த கதவு போட்ட சின்னக் கூண்டு. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. நோயாளி அதற்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கருவியோடு நான் இருப்பேன். சத்தம் கேட்டால் அவர் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் என் கருவியில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான் பரிசோதனை.

அதே கட்டடத்தின் நான்காவது மாடியில் என் தம்பி ஒன்பது நாளாக நினைவில்லாமல் கிடந்தான். பைக் விபத்து. தலையில் அடி. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். வேறு நாதி கிடையாது. அன்று காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆபரேஷன் பண்ணாலும் ஆபத்து, பண்ணலைன்னாலும் ஆபத்து. ரெண்டு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்கம்மா."

யாரைக் கேட்பேன்? பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. போன் அடித்தால் என்ன சேதி வருமோ. அதை மேசை டிராயருக்குள் தள்ளினேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். மேலே போகக் கால் வரவில்லை.

ரொம்ப நேரம் சும்மாவே இருந்தேன். திடீரென்று நெஞ்சில் சுருக்கென்றது. ஜெபிக்கலாம் என்று பார்த்தால் வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே" என்று மட்டும் வந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி "ஆண்டவரே". பைத்தியம் பிடித்துவிடக் கூடாதே என்று விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே கூப்பிட்டேன். நாற்பத்தொரு தடவை. சுவரிடம் பேசுவது போல இருந்தது. அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒருவர் ஜெபித்தால் மற்றவர் ஆமென் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாப்பாட்டில் கை வைக்கலாம். நான்தான் ஜெபிப்பேன். அந்தக் குட்டிப்பிசாசு வேண்டுமென்றே இழுத்தடிப்பான். மனதுக்குள் ஏழு எண்ணிவிட்டுத்தான் ஆமென் சொல்வான். நான் தொடையில் கிள்ளுவேன். "ஆண்டவருக்கே அவசரமில்லை, உனக்கென்னக்கா அவசரம்?" என்பான். முப்பது வயதிலும் அதே சேட்டைதான்.

ஒன்று பத்துக்கு அறைக்குத் திரும்பினேன். பூட்டைத் திறந்தேன். கூண்டுக்குள் போனேன். வாய்விட்டு அழ அந்தக் கட்டடத்தில் எனக்கு அந்த ஒரு இடம்தான் உண்டு.

பட்டன் நாற்காலியின் மேல் கிடந்தது.

நான் அதை எப்போதும் கொக்கியில்தான் மாட்டுவேன். பதினோரு வருடப் பழக்கம். எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையிலிருந்து வைத்தது போல. சரி, நம் மனசு சரியில்லை என்று கொக்கியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உள்ளே அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. நம் மூச்சு நமக்கே கேட்கும். கேட்டது. ஆனால் ஏதோ சரியில்லை... ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வருவது போல. மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

மூச்சு தொடர்ந்து கேட்டது.

எழுந்து ஓட வேண்டும். முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாய் தானாக முணுமுணுத்தது.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. கூட இரும்."

கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. மணி ஒன்று பன்னிரண்டு.

கொக்கியைப் பார்த்தேன். பட்டன் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே... தம்பியப் பார்த்துக்கொள்ளும்."

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

நான் ஏன் எண்ணுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்து... ஆறு...

ஏழு.

பட்டன் உள்ளே அழுந்தியது. கண் முன்னால். தானாக. கட்டைவிரல் பட்டது போல.

க்ளிக்.

"டேய்... நீயா?"

பட்டன் அசையவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேள்விக்குப் பதில் வராது. ஜெபத்துக்குத்தான் ஆமென்.

ஒன்பது நாளாகச் சொல்லத் துணியாததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, அவன் என்னோடவன் இல்ல, உம்மோடவன். உம்ம கையில விட்டுடுறேன். எது நடந்தாலும் என்னை மட்டும் கைவிடாதேயும்."

ஏழு எண்ணினேன்.

க்ளிக்.

அழுத்திய பட்டன் உடனே மேலே வரவில்லை. விளக்கு நின்று எரிந்தது. வெகு நேரம். பிறகு மெல்ல அணைந்தது. இரண்டாவது மூச்சும் நின்றுவிட்டது.

சொன்னால் சிரிப்பீர்கள். பயம் போய்விட்டது. ஒன்பது நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்துவிட்டது போல இருந்தது. வெளியே வந்து முகம் கழுவினேன். டிராயரைத் திறந்தேன். பதினோரு அழைப்புகள் தவறியிருந்தன. கையில் இருக்கும்போதே பன்னிரண்டாவது வந்தது. மாடி நர்ஸ்.

"எங்கக்கா போயிட்டீங்க? ஆயா கீழ வந்து பார்த்துட்டு, ரூம் பூட்டியிருக்குன்னு வந்துட்டாங்க. தம்பி... பன்னிரண்டு அம்பத்து மூணுக்கே போயிட்டார்க்கா."

அவள்தான் அழுதாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அந்த நிதானம் என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அடக்கம் முடியும் வரை அது என்னைத் தாங்கியது. இப்போதும் தனியாகச் சாப்பிட உட்காரும்போது ஜெபித்துவிட்டு ஏழு எண்ணுகிறேன். பதில் வருவதில்லை. வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது, வராதா என்று ஏக்கமாகவும் இருக்கிறது.

பதினாறு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். கருவியைச் சரிபார்க்க மெக்கானிக் வந்திருந்தார். ஒவ்வொரு அழுத்தத்தையும் நேரத்தோடு அது பதிந்து வைக்கும். திரையைப் பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

"மேடம், நீங்க கடைசியா வந்த அன்னைக்கு மத்தியானம் யாருக்கு டெஸ்ட் எடுத்தீங்க?"

"யாருக்கும் இல்ல. ரூம் பூட்டியிருந்துச்சு."

"அப்ப ஒயர் லூஸா இருக்கும். ஒண்ணு பத்துக்கு அப்புறம் மூணு தடவை அழுந்தியிருக்கு."

நான் கொக்கியில் தொங்கிய பட்டனைப் பார்த்தேன்.

"அதுக்கு முன்னாடியும் இருக்கு மேடம். பன்னிரண்டு அம்பத்து மூணுல ஆரம்பிச்சு விட்டு விட்டு அழுந்தியிருக்கு." அவர் திரையில் விரல் வைத்து எண்ணினார். "அது மட்டும் நாப்பத்தோரு தடவை."

படிக்கட்டில் நான் எண்ணியதை அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.