கழற்றி அனுப்பிய நடைவண்டி

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய ஓர் அறையில் வாசம். கூடத் தங்கியிருந்தவர் பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிடச் சற்று மூத்தவர். மனைவியும் பிறந்து சில மாதங்களே ஆன பெண் குழந்தையும் ஊரில் இருந்தார்கள். சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் இங்கேயே வீடு பார்த்துக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஓயாத பேச்சு.

நான் கை இறுக்கமான ஆசாமி. ஓட்டலில் மூன்றாம் முறை சாம்பார் கேட்டு வாங்குவதில் எனக்கு வெட்கமே கிடையாது. அவர் எனக்கு நேர் எதிர். சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம் போனபோது, தெற்கு வாசல் கடையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசிய ஒரு நடைவண்டியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். குழந்தை இன்னும் உட்காரவே பழகவில்லை, அதற்குள் நடைவண்டியா என்று கேலி செய்தேன்.

"வாங்கி வச்சா அதுக்கப்புறம் நடந்துட்டுப் போறா" என்றார். விலைகூடப் பேசவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கேட்டபோது சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது அவர் நடைவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பாப்பாவுக்கு ஒரு சாமான் வாங்கி வைத்திருக்கிறேன், வந்து காட்டுகிறேன் என்று மட்டும் எழுதினார். அறை மூலையில் அது நின்றது. வேலை முடிந்து வந்ததும் கால் பெருவிரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பார். மூன்று சக்கரமும் கடகடவென்று உருளும்.

ஆனி மாதக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. விஷக்காய்ச்சல் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைக்கவில்லை. ஊருக்குத் தந்தி கொடுத்தோம். வர வேண்டியவர்களில் அண்ணன் சிலோனில் இருந்தார், அப்பா படுத்த படுக்கை. கைக்குழந்தையோடு அந்தப் பெண் யாரை நம்பிக் கிளம்பி வருவாள்? ஓயாமாரிச் சுடுகாட்டில் நாங்களே காரியத்தை முடித்தோம்; கொள்ளி வைத்தது நான். சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஒருவரை எரித்துவிட்டு வருவது எவ்வளவு பெரிய பாரம் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அவருடைய அப்பா யாரையோ கொண்டு எழுதிய கடிதம் வந்தது. பையனின் சாமான்களை ரயிலில் போட்டு அனுப்பினால் புண்ணியமாகப் போகும் என்று எழுதியிருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் பணம் திரட்டினோம். பார்சல் செலவை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மீதியை மணியார்டர் செய்வது என்று பேச்சு. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தகரப் பெட்டி, படுக்கை மூட்டை, நடைவண்டி மூன்றையும் ஜங்ஷன் பார்சல் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். பெட்டிக்கும் மூட்டைக்கும் பெரிய கட்டணமில்லை. நடைவண்டிக்குக் கிளார்க் நாடாவை எடுத்து நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு நான் சண்டைக்கே போய்விட்டேன். ஒரு கையால் தூக்கிவிடலாம், இதற்கா இவ்வளவு?

"எடையே இல்லதான் தம்பி. ஆனா இது அடைக்கிற எடத்தப் பாருங்க. இதுக்கு மேல ஒரு மூட்டைய வைக்க முடியுமா? நொறுங்கிடும். ரயில்ல எடத்துக்கும் சேத்துத்தான் காசு" என்றார்.

யாருடைய சாமான் என்று கேட்டார். சொன்னேன். அவர் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அந்தப் பொண்ணு காசுலயா இதுக்குக் கட்டப்போறீங்க? வேணாம் தம்பி. கழட்டிடுங்க. சட்டத்த எல்லாம் படுக்கைக்குள்ள வச்சுச் சுருட்டுங்க. சக்கரத்தப் பெட்டியில போடுங்க. தனியா ஒரு உருப்படியே வராது."

சுத்தியலையும் அவரே தேடி எடுத்து வந்தார். மர ஆணிகளைப் பதமாகத் தட்டிக் கழற்றினோம். நான் ஃபிட்டர் அல்லவா, ஒரு துண்டுகூடச் சிராய்க்காமல் பிரித்தேன். சட்டங்களைத் தலையணைக்கும் பாய்க்கும் நடுவில் வைத்து, அவருடைய ஜமுக்காளத்தால் இறுக்கிச் சுருட்டி, சாக்கில் போட்டுத் தைத்தேன். சக்கரங்களை அவருடைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். நாடாவில் அகப்படாமல் நடைவண்டியை அனுப்பிவிட்டதில், அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ரசீதைத் தபாலில் அனுப்பும்போது, சாமான்களைப் போட்டுவிட்டேன் என்று இரண்டு வரி மட்டும் எழுதினேன். பிரித்தால் தெரியப்போகிறது, இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் என்னைத் தேடி வந்தார். சிலோனை விட்டே வந்துவிட்டாராம். தொழிற்சாலையிலிருந்து தம்பிக்குச் சேர வேண்டிய பணத்துக்கு எழுதிக் கொடுக்க வந்தவர், தம்பி இருந்த அறையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். பேச்சு ஓடவில்லை. ஏதாவது நல்லதாகக் கேட்போமே என்று, பாப்பா வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளா என்று கேட்டேன்.

"எந்த வண்டிங்க?" என்றார்.

சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"பெட்டியில மூணு சக்கரம் இருந்துச்சுங்க. ஃபேக்டரி சாமான்னுல்ல நெனச்சோம். பாப்பாதான் வச்சு உருட்டிக்கிட்டிருக்கா."

மூட்டை என்னவாயிற்று என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது தம்பி படுத்த படுக்கையில்லீங்களா? செத்தவங்க படுக்கைய வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டோமே. மாட்டு வண்டியில இருந்து எறக்கக்கூட விடல எங்க அப்பா. நேரா கம்மாக்கரைக்குக் கொண்டுபோயி கொளுத்தச் சொல்லிட்டாரு. தையலக்கூடப் பிரிக்கலையாம். ஒரு படுக்கை இம்புட்டு நேரமா எரியும்னு கொளுத்தினவங்க வந்து சொன்னாங்களாம்."

எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். என் சித்தப்பா இறந்தபோது அவர் பாயை நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். ஆனால் பார்சல் ஆபீஸில் நின்ற அன்று அது எனக்குப் படுக்கையாகத் தெரியவில்லை. சாமான் சுற்றுகிற துணியாகத்தான் தெரிந்தது. முழுசாக அனுப்பியிருந்தால் வாசலில் இறங்கும்போதே அது நடைவண்டி என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும்.

இப்போதே ஸ்ரீரங்கம் போய் வேறு ஒன்று வாங்கித் தருகிறேன், பஸ் லக்கேஜ் எல்லாம் நானே கொடுக்கிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பாப்பா தானாவே நடந்துட்டா" என்றார். பிறகு, "பொட்டி வந்த அன்னிக்கு அவ அம்மா அதத் தலகீழா கொட்டித் தேடுனாளாம். பிள்ளைக்கு வாங்கி வச்சிருக்கேன்னு எழுதினாரே, ஒண்ணையும் காணுமேன்னு. சும்மா எழுதியிருக்காருன்னு இப்பவும் சொல்லி அழுவுறா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார்.

"சொன்னா, கொளுத்தச் சொன்ன எங்க அப்பா மூஞ்சியில அவ முழிக்க மாட்டா. அவரும் ரொம்ப நாள் தாங்க மாட்டாரு. நேரம் பாத்து நான் சொல்லிக்கிறேன். நீங்க எழுதிராதீங்க."

என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. கிளம்பும்போது, தம்பிக்குக் கொள்ளி வைத்தவன் என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாடு இல்லாமல் அந்த அறையிலேயே கிடந்தேன்.

நேரம் பார்த்துச் சொன்னாரா, அந்த நேரம் கடைசிவரை வரவே இல்லையா, எனக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. அவரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. அந்தக் குழந்தைக்கும் இன்று பேரன் பேத்தி இருக்கலாம். முகம் தெரியாத அப்பா தனக்கென்று ஒரு சாமான்கூட வாங்கி வைக்கவில்லை என்றே அவள் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பாளோ என்ற எண்ணம், ரயிலடியில் யாராவது எதையாவது கழற்றிக் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை அங்கேயே நிறுத்திவிடுகிறது.