பிரஸ் ஷாப்பின் காலிக் கட்டங்கள்

காலை ஏழு ஐம்பது. அறிவிப்புப் பலகையில் முதலில் கண்ணில் பட்டது, முந்தின நாள் நான் அச்சிட்ட தாள். பிரிண்டர் தாளின் ஓரத்துத் துளைப் பட்டையைக்கூடக் கிழிக்காமல் ஒட்டியிருந்தார்கள். பிரஸ் ஷாப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில், பணியாளர் பிரிவின் ஒரே கம்ப்யூட்டர் என் மேஜையில் இருந்தது. இந்த வேலைக்கு வருமுன் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் ஒரு வேன் வந்து பிரஸ் ஷாப் ஆட்களின் காதுகளைச் சோதித்தது. அளவு கூடக் கூடக் காது மோசம். பூஜ்யம் என்றால் முழுதாகக் கேட்கிறது. நாற்பதோ அதற்கு மேலோ இருப்பவர்களைச் சத்தமில்லாத பேக்கிங் பிரிவுக்கு மாற்றுவதாக முடிவு. தகட்டை அடிக்கும் பிரஸ்ஸின் இரைச்சலில் நிற்க நிற்கக் காது போகும், போனது திரும்பாது என்று டாக்டர் எழுதியிருந்தார். அவர் தாளை ஒர்க்‌ஷீட்டில் ஏற்றி, நாற்பதைத் தொட்டவர்களைப் பிரித்தெடுக்கச் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். பத்தொன்பது பெயர்கள் வந்தன; பலகையில் ஒட்டியது அந்தப் பட்டியல்தான். வந்த பெயர்களை இரண்டு முறை சரிபார்த்தேன். வராதவற்றைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குக் குன்றத்தூரிலிருந்து வரும் ஆபரேட்டர் ஒருவர் என் அறைக்கு வந்தார். எட்டு வருடமாக ஒரே பிரஸ்ஸில் நிற்பவர். கூடவே அவருடைய கூட்டாளி.

“சார், நம்ம பேரு லிஸ்ட்ல இல்ல.”

“நாப்பதுக்குக் கீழ இருந்தா வராதுங்க.”

“இன்னா சார்?”

உரக்கச் சொன்னேன்.

“அப்ப எனுக்கு நல்லா கேக்குதுன்னு போட்டுக்கீதா?”

கூட்டாளி சிரித்தார். “இத இவன் சம்சாரத்துக்கிட்ட சொல்லிடாத சார். கொயந்த அயுதா இவன் எயுந்திரிக்க மாட்டான். இத்தினி நாளா வேணும்னே படுத்துகினு இருந்தான்னு பூசை வுடும்.”

ஒர்க்‌ஷீட்டைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே இரண்டு காதுக்கான கட்டங்களும் காலி.

“டெஸ்டுக்குப் போகலையா?”

“வேனாண்ட நின்னுகினுதான் இருந்தேன். சூப்பர்வைசர் கூப்ட்டுகினாரு. லைன் நிக்குது, ஆள் இல்ல, அப்பால போய்க்கோன்னாரு. அப்பால வேன் பூட்ச்சு.”

காலிக் கட்டத்தை புரோகிராம் பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருந்தது. பூஜ்யம் நாற்பதைவிடக் குறைவு. அதனால் சோதனைக்கே போகாதவர், எல்லோரையும்விட நன்றாகக் கேட்பவராகிவிட்டார். கட்டம் காலியா என்று முதலில் பார்க்கும் வரியை நான் எழுதவில்லை.

அப்போதே எழுதினேன். காலியாக இருந்தால் தனிப் பட்டியலுக்குப் போகட்டும், தலைப்பு, ‘சோதிக்கப்படாதவர்கள்’. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு பெயர்கள் வந்தன. பணியாளர் அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

“பேக்கிங்ல இருந்த இடம் ரொம்பிடுச்சே. இவங்களுக்கு அளவே இல்ல. எதை வெச்சு மாத்தறது?”

“வேனை இன்னொரு நாள் வரச் சொல்லலாம் சார்.”

“ஆறு பேருக்கா? அடுத்த டெஸ்ட்ல பாத்துக்கலாம்.”

தாளைக் கோப்பில் வைத்தார். தப்பு என் புரோகிராமில் என்று சொன்னேன். தலையசைத்தார்.

மதியம் கேன்டீனில் ஆபரேட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி சார். நீங்க இன்னா பண்ணுவீங்க.”

சங்கு ஊதியது. கூட்டாளி தோளைத் தொட்ட பிறகு எழுந்தார். மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். அறைக்குப் போய் மறுநாளைய ஷிப்ட் பட்டியலை அச்சிட்டேன்.

அடுத்த சோதனை பதினான்கு மாதம் கழித்து நடந்தது. அவருக்கு வலது காதில் அறுபத்தைந்து, இடது காதில் எழுபது.