மயில் குடித்த கணக்கு

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம். திருவரங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கண்மாய்க்கரையில் வைத்திருந்த வட்டத் தொட்டியில் காலையும் மாலையும் தண்ணீர் அளப்பது என் வேலை. கண்மாய்த் தண்ணீர் வெயிலில் எவ்வளவு ஆவியாகிறது என்று கண்ணால் பார்க்க முடியாதல்லவா? இந்தத் தொட்டியில் குறைவதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

அந்த வருஷம் மழை பாதியில் கைவிட்டுவிட்டது. என் தொட்டியோ மடமடவென்று குறைந்தது. நான் அனுப்பிய அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த அதிகாரிகள், அறுவடை வரை தண்ணீர் தாங்காது என்றார்கள். கடைமடை வயல்களுக்கு நிறுத்திவிட்டு மற்றதையாவது காப்பாற்றலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருப்பதே கடைமடையில் ஒரே ஒரு வயல். கதிர் பால் பிடிக்கும் நேரம். "பிள்ள மாதிரி வளத்தேனே, மாட்ட விட்டு மேய்க்கவா?" என்று அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டி ஒழுகுகிறதோ என்று சந்தேகம் வந்து, வழக்கமில்லாமல் உச்சி வெயிலில் போனேன்.

பறவைகள் வாய் வைக்காமலிருக்க மூடியிருந்த கம்பி வலை தரையில் கிடக்கிறது. சுற்றிலும் மயில்கள். காக்கையை விரட்டியபடி காவல் நிற்பது யார்? அதே அக்கா! தன் வயலில் மயில் இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டுகிறவர்.

"என்னக்கா பண்றீங்க?"

"வயல்ல வந்தா வெரட்டுவேன். அதுக்காக முருகன் வாகனம் நாக்கு வறண்டு சாகணுமா? தண்ணிய வச்சு மூடிப்போட்டா பாவம்டி. ஒனக்குத் திட்டு விழக்கூடாதுன்னு நீ வர்றதுக்குள்ள மூடிருவேன். நாலு வாய் குடிச்சா கொறஞ்சா போயிரும்?"

"கொறஞ்சுதாங்க்கா போச்சு! அதனாலதான் ஒங்க வயலுக்கே தண்ணி இல்லன்னுட்டாங்க!"

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அக்கா "அட முருகா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

உடனே அதிகாரிக்குப் போன் போட்டேன். வாங்கிய திட்டு ஒரு பக்கம் கிடக்கட்டும், மடையை அடைப்பதைத் தள்ளிவைத்தார்கள். அக்கா தன் கொல்லையில் பழைய மாட்டுத்தொட்டியை நிரப்பி மயில்களை அங்கிட்டு இழுத்துக்கொண்டார். பழைய அளவுகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக அளந்து கணக்குப் போட்டார்கள். சிக்கனமாகப் பாய்ச்சினால் கடைமடைக்கும் போதும் என்று தகவல் வந்தபோது, அப்பாடா, தலைச்சுமையை இறக்கின மாதிரி இருந்தது.

மாசியில் அக்கா வயலில் அறுப்பு மெஷின் இறங்கியபோது வரப்பில் நின்று இருவரும் அழுதோம். இன்றும் தொட்டியில் தண்ணீர் கூடுதலாகக் குறைந்தால், நடுப்பகலில் ஒரு நடை போய்ப் பார்க்காமல் நான் அந்த அளவை அனுப்புவதில்லை. அந்த எண்ணுக்குள் யாரோ ஒருவருடைய வயல் இருக்கிறது.